ஒன்பதரை பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் பிந்தி

ஹொரவப்பொத்தானை
12.09.1978

அன்புத் தங்கச்சி ஸல்ஹாவுக்கு,

ராத்தா அசனா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அபூதாஹிர் மச்சானும் சுகம். கடை வியாபாரம் பரவாயில்லை. வாப்பாவின் இருமல் குறைந்ததா? நீ எப்படி? மூன்றாம் மாதத்தில் வாயில் ஒன்றும் வைக்க முடியாதே. நீ புளி கேட்டால் வாங்கித்தர உன் மனிதருக்கு நேரமிருக்கிறதா, அல்லது துறைமுகத்து ஸ்டோரிலேயே பாய் விரித்துவிட்டாரா?

போன ஞாயிறு உன் மனிதர் சரீப் புது மோட்டார் சைக்கிளோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. தலை முதல் கால் வரை செம்மண். "மதினி, பாலையூத்தில இருந்து முப்பத்தஞ்சு மைல். அம்பது நிமிஷம்!" என்று மணிக்கூட்டைக் காட்டினார். நான் ஏசினேன். ஏசிக்கொண்டே இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அவர் மேல் கோபித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? கூடப்பிறந்த தம்பி இல்லாத குறையை அந்த மனிதர் எனக்குத் தீர்த்து வைத்திருக்கிறார். ஆனாலும் சொல்லி வை, வேகமாக வந்தால் இரண்டு முட்டை, மெதுவாக வந்தால் மூன்று.

வாளி தூக்காதே. வாப்பாவுக்கு என் ஸலாம்.

உன் ராத்தா
அசனா


பாலையூற்று, திருகோணமலை
22.10.1978

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு ஸல்ஹாவின் ஸலாம். நீங்களும் மச்சானும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். வாப்பா சுகம்.

பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். எழுத முடியாமல் இருந்தது. பிள்ளை தங்கவில்லை ராத்தா. போன மாதக் கடைசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். இப்போது எழும்பி நடக்கிறேன், சமைக்கிறேன். நீங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டாம். யாராவது வந்து ஆறுதல் சொன்னால் அழுகைதான் வருகிறது.

அவர் சுகம். முன்னைப்போல அதிகம் கதைப்பதில்லை. சைக்கிளை இப்போது மெதுவாகத்தான் ஓட்டுகிறார், முள் இருபத்தைந்துக்கு மேலே ஏறாது. பின்னால் வருகிற பஸ்கள்கூட ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போகின்றன.

வேறு விசேஷமில்லை.

ஸல்ஹா


ஹொரவப்பொத்தானை
19.11.1978

அன்புத் தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாம்.

நீ வரவேண்டாம் என்று எழுதியும் நான் வந்து மூன்று நாள் நின்றேன். உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. அல்லாஹ் கொடுத்ததை அல்லாஹ் எடுத்தான், இன்னொன்று தருவான். மச்சான் வெள்ளிக்கிழமை தோறும் உனக்காக துஆக் கேட்கிறார்.

வந்தபோது வாப்பாவைப் பார்த்து எனக்கு மனம் சரியில்லை. கண் உள்ளே போய்விட்டது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. வாப்பாவுக்கு ஏதாவது என்றால் தந்தியை நம்பாதே. இங்கே தபால் கந்தோர் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. திறந்த நாளிலும் தந்தி கொண்டுவருகிறவன் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் வருவான். சரீபை அனுப்பு. அவர் வந்து சொன்னால் நான் காலை ஒன்பதரை பஸ்ஸில் ஏறி பதினொன்றரைக்கு வாப்பாவின் பக்கத்தில் இருப்பேன்.

நாம் பெண்கள் மையவாடிக்குப் போகிறவர்கள் இல்லை. ஆண்களுக்குக் கபுறடி இருக்கிறது, ஒரு பிடி மண் போடலாம். நமக்கு வீட்டில் வைத்து முகத்தைப் பார்ப்பது மட்டும்தான். உம்மா மௌத்தானபோது நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாப்பாவையும் பார்க்க வேண்டும். இதை விட எனக்கு உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

சரீப் எப்படி இவ்வளவு நிதானமானவராக மாறினார்? என்ன மருந்து போட்டாய்?

அசனா


ஹொரவப்பொத்தானை
20.03.1979

ஸல்ஹாவுக்கு,

ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. ஏழாம் நாள் கத்தம் முடியும் வரைக்கும் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அன்று ஞாயிறு. வாப்பாவின் ரூஹ் ஏழரைக்குப் பிரிந்தது என்றாய். சரீப் எட்டேகாலுக்குப் புறப்பட்டார் என்றாய். எங்கள் கடை வாசலுக்கு அவர் வந்தது ஒன்பது நாற்பதுக்கு. பஸ் போய்ப் பத்து நிமிஷம். சும்மா முட்டை தின்ன வந்தபோது ஐம்பது நிமிஷம், என் வாப்பா மௌத்தான செய்தியோடு வந்தபோது எண்பத்தைந்து நிமிஷம்! சட்டையில் ஒரு துளி வியர்வை இல்லை. தலைமயிர் கூடக் கலையவில்லை. "மதினி, வாப்பா..." என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரிலுள்ள ஒரே ஹயர் கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மச்சான் சாமான் எடுக்க அனுராதபுரத்தில். சரீபின் பின்னால் ஏறிப் போவது நம்மில் வழக்கமில்லை. பன்னிரண்டேகால் பஸ்ஸுக்கு ரோட்டில் நின்றேன். இரண்டரைக்கு வந்து பார்த்தால் வாப்பாவைத் தூக்கிப்போன சந்தூக்கு திரும்பி வந்து பள்ளிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள். வாப்பாவைக் குளிப்பாட்டிய இடம் ஈரமாக இருந்தது, அதைத்தான் நான் பார்த்தேன்.

ஏன் மெதுவாக வந்தீர்கள் என்று அந்த ஏழு நாளில் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் "மன்னிச்சுக்கொள்ளுங்க மதினி" என்பதைத் தவிர வேறு கதை இல்லை. தம்பி என்று நினைத்திருந்தவர் செய்த வேலை இது.

நீ பதில் எழுது. அவர் எழுத வேண்டாம்.

அசனா


பாலையூற்று
08.04.1979

அன்பான ராத்தாவுக்கு ஸல்ஹாவின் ஸலாம்.

நாங்கள் சுகம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? வாப்பாவின் உடுப்புகளைப் பள்ளியில் கொடுத்துவிட்டோம், அவருடைய மூக்குக்கண்ணாடியை உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவது? வழியில் மாடுகள் நின்றிருக்கும். ரோட்டும் சரியில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவரைப் பற்றி வெளியில் கதைக்க வேண்டாம் ராத்தா, என்னைப் பார்த்தாவது.

தையல் மெஷின் பழுது. அதனால் உங்கள் சட்டை இன்னும் முடியவில்லை.

ஸல்ஹா


ஹொரவப்பொத்தானை
15.07.1979

ஸல்ஹாவுக்கு ராத்தாவின் ஸலாம்.

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மாடுகள் என்று எழுதியிருந்தாய். அந்த ரோட்டில் மாடு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

கிண்ணியாவில் ஜெஸீமாவின் மகள் கல்யாணத்தில் சரீப் என் முன்னால் சர்பத் கிளாஸை நீட்டினார். நான் வாங்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன், மாமனார் மையித்தாகக் கிடக்கும்போது காற்று வாங்கிக்கொண்டு வந்த மருமகன் இவர்தான் என்று. அவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நீ அவர் பின்னாலே எழும்பிப் போனாய். 

ஒரு விசேஷம். நாங்களும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டோம். என்னுடைய பிடிவாதம்தான். இனி எந்தச் செய்திக்கும் இன்னொருவரின் காலைப் பிடிக்கத் தேவையில்லை. மச்சான் முதலில் பயந்து பயந்து ஓட்டினார். நான்தான் வாசலில் நின்று, "என்ன, நீங்களும் சரீப் ஆகிட்டீங்களா?" என்பேன். இப்போது நன்றாக முறுக்குகிறார். போன கிழமை மதகடியில் சறுக்கி முழங்கால் தோல் போய்விட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. வேகமாக வருகிறவனுக்குத்தான் மற்றவர் மேல் அக்கறை இருக்கிறது என்பதை நான் படித்துவிட்டேன்.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அசனா


பாலையூற்று
21.07.1979

ராத்தா,

ஸலாம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. வேறெதையும் விசாரிக்காமல் எழுதுகிறேன். அபூதாஹிர் மச்சானின் சைக்கிளை நிற்பாட்டுங்கள். அல்லது மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் கிணற்றடியில் விழவில்லை. கிளினிக்குக்குப் போக என் மனிதரின் பின்னால் ஏறினேன். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் மழைத் தூறல். "மெதுவாப் போங்க" என்றேன். "பிந்தினா டொக்டர் போயிடுவார்" என்று முறுக்கினார். வளைவில் சைக்கிள் சரிந்தது. அவருக்கு உள்ளங்கையில் ஒரு கீறல். எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். வாப்பா அறிந்தால் அவரை வாசலில் ஏற்றமாட்டார். அதனால் கிணற்றடி என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்த அன்று குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன், முள் இருபத்தைந்துக்கு மேல் ஏறக்கூடாது.

வாப்பா மௌத்தான அன்று காலை அவர் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். "ஸல்ஹா, இண்டைக்கு மட்டும்?" என்று கேட்டார். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏலாது" என்றேன். "வாப்பா போயிட்டார். நீங்களும் போனா நான் என்ன செய்யிற?" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ரோட்டில் மாடுமில்லை ஒன்றுமில்லை. அந்த முப்பத்தைந்து மைலும் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

உங்கள் கோபம் அவர் மேல் விழுந்தபோது நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "விடு, அந்தப் பிள்ளைக்காக நான் பட வேண்டியது இது" என்று அவர் தடுத்தார். நானும் விட்டுவிட்டேன். விட்டது எனக்கு வசதியாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

இனி ஒருவர் விழக்கூடாது ராத்தா.

ஸல்ஹா


ஹொரவப்பொத்தானை
02.09.1979

என் தங்கச்சி ஸல்ஹாவுக்கு,

ராத்தாவின் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். நோன்பு முழுவதும் உன் கடிதம் என் தலையணைக்குக் கீழே கிடந்தது. முதலில் அந்தப் பிள்ளைக்காக அழுதேன். பிறகு உன்மேல் ஆத்திரப்பட்டேன். பிறகு அடங்கிவிட்டேன்.

மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர், "அப்ப நீ என்னைக் கொல்லத்தான் பார்த்தாயா?" என்று சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவரும் இருபத்தைந்துதான்.

நீ ஹேண்டிலைப் பிடித்ததை நான் குறையாக எடுக்கவில்லை. மௌத்தானவருக்காக உயிரோடு இருக்கிறவரைக் கொடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நானும் அன்று சரீபின் பின்னால் ஏறியிருக்கலாம். அதே இருபத்தைந்து மைல் வேகத்தில் வந்தால்கூட வாப்பாவைப் பார்த்திருப்பேன். ஊர் என்ன கதைக்கும் என்று நின்றுவிட்டேன். அது என் பங்கு.

ஆனால் ஐந்து மாதம் ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் புறம் பேச வைத்தாயே. புறம் பேசுவது செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்பது போல என்று குர்ஆனில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறவரின் இறைச்சியையே தின்றிருக்கிறேன் நான். அந்தச் சர்பத் கிளாஸ் என் கண்ணிலேயே நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீயும் நானும் பிறகு ஆறுதலாக இருந்து அழுவோம்.

அவருக்கு என் ஸலாத்தைச் சொல்.

ராத்தா


ஹொரவப்பொத்தானை
14.10.1979

ஸல்ஹாவுக்கு,

ஸலாம். சுகம்.

நேற்று, வாப்பாவின் அடக்கத்தை முன்னின்று நடத்திய கலீலுர் றஹ்மான் மாமா நெல் பார்க்க வந்து கடையில் இறங்கினார். வாப்பாவின் கதை வந்தது. "மாமா, மூண்டரை மணி அஸர் தொழுகை வரைக்கும் வெச்சிருந்தா நான் பார்த்திருப்பேனே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நான் கேட்டனான் மகள். மையித்தைக் குளிப்பாட்ட முந்தி ஸல்ஹாக்கிட்டக் கேட்டனான், அசனா வந்து சேருவாளா, இல்லாட்டி அஸருக்கு வெப்பமா எண்டு. அவதான் சொன்னா, வெக்கத் தேவையில்ல மாமா, அவர் பறந்து போயிருக்கார், ராத்தா ஒன்பதரை பஸ்ஸில வந்திடுவா எண்டு. அதுக்குப் பொறகுதான் லுஹருக்கு எண்டு பள்ளிக்கு அறிவிச்சம்."

மாமாவுக்கு வயது எழுபது. மறதி இருக்கலாம். பிழையாக விளங்கியிருக்கலாம். நீ இதை உன் கடிதத்தில் எழுதவில்லை, ஆகவே நடந்திருக்காது என்றே நினைக்கப் பார்க்கிறேன்.

ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது.

அசனா


பாலையூற்று
25.10.1979

ராத்தாவுக்கு ஸல்ஹாவின் ஸலாம்.

ஓம்.

மாமா கேட்டபோது அறை முழுக்கப் பெண்கள். இந்தச் செய்திக்குக்கூட என் மனிதர் மெதுவாகத்தான் போவார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "அஸருக்கு வைங்கள்" என்று சொன்னால், முன்பு ஐம்பது நிமிஷத்தில் போன மனிதர் இந்த அவசரத்துக்குமா மெதுவாகப் போகிறார் என்று கேட்பார்கள். நான் தடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். வாப்பா மையித்தாகக் கிடக்க, புருஷனைப் பத்திரமாகப் போகச் சொன்ன மகள் என்று ஆகிவிடுவேன். ஏன் தடுத்தாய் என்று கேட்டால் கிணற்றடிக் கதையும் பொய்யாகும். ஒரு நொடியில் இவ்வளவும் என் தலைக்குள் ஓடியது. வாயில் வந்தது அந்தப் பொய். சொன்ன பிறகு, ஒருவேளை பஸ் பிந்தி வரும், ராத்தாவுக்குக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு ரோட்டைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கும் பார்த்தேன். அப்போதும் மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன கடிதத்தில் எல்லாம் எழுதினேன், இதை மட்டும் எழுதப் பயந்தேன். இது தெரிந்தால் நீங்கள் என்னைப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

ஒன்று கேட்கிறேன். அவருக்குச் சொல்லவேண்டாம். தான் பிந்தியதால்தான் நீங்கள் வாப்பாவைப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறார். தொழுகைப் பாயில் இருந்து அதற்காக அழுகிறார். மாமா கேட்டது அவருக்குத் தெரியாது, அவர் அப்போது ரோட்டில். இதை அறிந்தால் அவர் இந்த வீட்டில் இருக்கமாட்டார். எனக்கு வேறு யாருமில்லை ராத்தா.

பெருநாளுக்கு வாருங்கள். வட்டிலப்பம் செய்து வைக்கிறேன்.

ஸல்ஹா


ஹொரவப்பொத்தானை
06.11.1979

துறைமுக ஸ்டோரில் வேலை பார்க்கும் எம். ஐ. சரீப் அவர்களுக்கு,

மதினி அசனா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் வேலைத்தலத்துக்கு அனுப்புகிறேன். அதற்காகவும் பெருநாளுக்கு வராததற்காகவும் குறை நினைக்க வேண்டாம். வந்திருந்தால் உங்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு இறங்கியிருக்காது.

உங்களைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. ஜெஸீமா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் இன்றே எழுதிவிட்டேன், நான் சொன்னதெல்லாம் பொய், சரீபிடம் ஒரு குற்றமும் இல்லை என்று. உங்கள் சத்தியத்தைப் பற்றியும் தங்காத பிள்ளையைப் பற்றியும் ஸல்ஹா எழுதினாள். நீங்கள் அன்று வேகமாக வராதது சரி. அந்த ரோட்டில் நீங்கள் விழுந்து கிடந்திருந்தால் வாப்பாவின் முகத்தைப் பார்த்து நான் என்ன செய்வது? நான் செய்ததை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

நீங்கள் பாயில் இருந்து அழுகிறீர்களாம். அழவேண்டாம். இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று ஸல்ஹா என்னிடம் கேட்டிருக்கிறாள். நான்கு நாள் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு மனிதரைக் குற்றவாளியாக வைத்திருக்க அவளுக்கு முடியும். அவளுடைய கூடப்பிறந்தவளாக இருந்தும் எனக்கு முடியவில்லை.

அன்று நீங்கள் பிந்தவில்லை. அதே இருபத்தைந்து மைல் வேகத்தில் நீங்கள் வந்தும், நான் பன்னிரண்டேகால் பஸ்ஸில் ஏறியும், என் வாப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கலாம். எப்படி என்று உங்கள் பெண்சாதியிடம் கேளுங்கள். எனக்கு எழுதிவிட்டாள். உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

மதினி
அசனா